134-ம் நம்பர்

பிச்சாவரத்தில் படகில் ஏறிய பிறகு குடும்பச் சண்டை போடக் கூடாது சார். கோபித்துக்கொண்டு எழுந்து போக இடம் கிடையாது!

போன மாதம் பட்டேன். துடுப்புப் படகு. நான், அக்கா, மச்சான், அவர்களுடைய பத்தாம் வகுப்பு மகள். "இங்கதாம்பா எம்.ஜி.ஆரோட 'இதயக்கனி' எடுத்தாங்க" என்று ஆரம்பித்த மச்சான், இரண்டாவது வளைவு திரும்புவதற்குள் டென்னிஸுக்கு வந்துவிட்டார்.

"நீ பி.காம். படிச்சவன், நீயே சொல்லுப்பா. ராக்கெட், ஷூ, கோச், ஊர் ஊரா ரயில் செலவு... வரவுப் பக்கத்துல ஒரு பிளாஸ்டிக் கப்! இந்த வருஷத்தோட நிறுத்திடலாம்னு இருக்கேன்."

பெண் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் கோயம்புத்தூர் நிருபமா வைத்தியநாதனைத் துணைக்கு அழைத்தேன். அப்பாதான் ஆட்டம் சொல்லிக் கொடுத்தவர். 1998 ஆஸ்திரேலியன் ஓப்பனில் இத்தாலியின் குளோரியா பிஸிகினியைத் தோற்கடித்து, ஓப்பன் யுகத்தில் கிராண்ட் ஸ்லாம் ஒற்றையர் பிரதான ஆட்டத்தில் ஒரு சுற்று ஜெயித்த முதல் இந்தியப் பெண்ணானபோது வயது 21. அதே வருடம் பாங்காக் ஆசிய விளையாட்டில் மகேஷ் பூபதியோடு கலப்பு இரட்டையரில் வெண்கலம்.

"ரேங்க் என்ன?"

"உச்சத்துல 134."

"அவ்வளவுதானா?"

இந்த 'அவ்வளவுதானா'வை நானும் ஒரு காலத்தில் ஆபீஸ் கேன்டீனில் டீ உறிஞ்சிக்கொண்டே சொன்னவன்தான். அப்போது எங்கள் செக்‌ஷனில் மொத்தம் பதினோரு பேர். அதில் நான் எத்தனையாவது என்று யாராவது கேட்டால் பேச்சை மாற்றிவிடுவேன்!

கிராண்ட் ஸ்லாமில் ஒற்றையர் ஆடுவது 128 பேர். 134 என்றால் பெரும்பாலும் தகுதிச் சுற்றில் மூன்று மேட்ச் ஜெயித்த பிறகுதான் வாசலையே மிதிக்கலாம். மாதச் சம்பளம் கிடையாது, பஞ்சப்படி கிடையாது. விமான டிக்கெட், ஓட்டல் எல்லாம் கைக்காசு. முதல் ரவுண்டில் தோற்றால் பெட்டியைக் கட்டிக்கொண்டு அடுத்த ஊர். 2005-ல் சானியா மிர்ஸா அதே மெல்போர்னில் மூன்றாவது சுற்றுக்குப் போனபோது ஊரே கொண்டாடியது. ஏழு வருடம் முன்னால் கதவைத் தள்ளியவரை எத்தனை பேர் நினைத்தார்களோ!

நிருபமா விடவில்லை. கல்யாணமாகி, குழந்தை பெற்று, 33 வயதில் திரும்பி வந்து 2010 டில்லி காமன்வெல்த் போட்டியில் இந்திய அணியில் நின்றார். 2013-ல் சுயசரிதை, 'தி மூன்பாலர்'. பந்தை ஆகாசத்துக்குத் தூக்கியடித்து எதிராளியின் பொறுமையைச் சோதிக்கிறார்களே, அதுதான் மூன்பால்.

"கதை நல்லாத்தான் இருக்கு. லாபமா, நஷ்டமா? அதைச் சொல்லு."

பி.காம். வாயைத் திறந்தது. வார்த்தை வரவில்லை.

"சார், குனிங்க! தில்லை மரம். பால் கண்ணுல பட்டா வம்பு!" என்றார் படகுக்காரர்.

நாலு பேரும் முழங்காலில் முகம் புதைத்தோம். அந்த இருட்டில் மருமகளின் குரல் மட்டும் வந்தது.

"ப்ளஸ் டூ வரைக்கும்ப்பா. மார்க் குறைஞ்சா நானே நிறுத்திடறேன்."

மச்சான் பதில் சொல்லவில்லை. கரை வரும்வரை யாருமே பேசவில்லை. இறங்கி, பேன்ட்டில் ஒட்டிய ஈரத்தைத் தட்டிக்கொண்டே அக்காவிடம் கேட்டார்:

"அந்த ராக்கெட்டுக்கு நரம்பு மாத்த எவ்வளவு கேட்டான்?"