இரண்டு யார் வெள்ளைத்துணி

ஆடைக்குச் செல்லும் துணி உடலின் பருமனுக்கு நேர்விகிதத்தில் கூடும் என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தேன். அவ்வெண்ணத்தைத் திருத்தியது எங்கள் அயலில் தையலால் வாழ்ந்த மாமி ஒருவரின் வெட்டுமேசை.

எனக்கும் தமக்கைக்கும் பாடசாலைச் சட்டை தைக்க, ஆண்டுதோறும் இரண்டு யார் வெள்ளைத்துணியை அம்மா அவரிடம் கொண்டு செல்வார். ஓராண்டு எனது மார்பளவு 28 அங்குலம். தமக்கையினது 28 இலிருந்து 32 ஆகியிருந்தது. "பெரியவளுக்கு மட்டும் ஒண்டரை யார் வேணும், பிள்ளை" என்றார் மாமி. நான்கு அங்குலத்துக்கு அரை யாரா? அம்மாவின் முகத்தில் ஐயம் படர்ந்தது. தையற்காரி துணியை ஒளிப்பாள் என்ற பழி ஊரில் பழையது. தமக்கையோ குற்றம் தன் உடம்பினது போலத் தலைகுனிந்து நின்றாள்.

மாமி அளவுநாடாவை எடுத்தார். துணியின் அகலம் 36 அங்குலம். சிறிய சட்டையின் முன்பக்கமும் பின்பக்கமும் தையல்விளிம்புடன் 17 அங்குலம் வீதம் 34, அருகருகே அடங்கும். அவற்றின் நீளம் 24, கைகளுக்கு 9, ஆக 33 அங்குலம் போதும். பெரியதன் பக்கங்களோ 19 வீதம் 38. இரண்டே அங்குலம் மிகுவதால் ஒன்றன்கீழ் ஒன்றாக வைக்கவேண்டும். நீளம் 52 ஆகிவிடுகின்றது.

பின்னர் மாமி இருவர் சட்டைகளையும் சேர்த்து அடுக்கினார். தமக்கையின் 19 அங்குலத்துக்கு அருகே எஞ்சிய 17 அங்குலப் பட்டியில் என் சட்டையின் இரு பக்கங்களும் அடங்கின. நான்கு கைகளுக்கும் கீழே 19 அங்குலம். தனித்தனியே வெட்டினால் 85 அங்குலம். சேர்த்து வெட்ட 71. இரண்டு யாரில் எஞ்சிய நீளம் ஓர் அங்குலம். அம்மா ஒன்றும் பேசாமல் தையற்கூலியைக் கொடுத்தார்.

1978 இல் கட்டுநாயக்க வர்த்தக வலயம் தொடங்கியபின் இந்நாட்டில் பெருகிய ஆடைத் தொழிற்சாலைகளிலும் இதே முறைதான். பெரிய துண்டுகளின் இடைவெளியிற் சிறியவற்றைப் பொருத்தி, பல அளவுகளை ஒரே விரிப்பில் வெட்டுவர். அளவு எதுவாயினும் தையல்களின் எண்ணிக்கை ஒன்றே. ஆதலின் கூலி பெரிதும் மாறுவதில்லை. வேறுபடுவது துணி; செலவிற் பெரும்பங்கும் அதுவே. அதனைச் சராசரியாக்கியே பெரும்பாலும் எல்லா அளவுக்கும் ஒரே விலை வைக்கின்றனர்.

பெரிய உடலினர் அணியும் துணிக்குச் சிறிய உடலினர் பணம் கட்டுகின்றனர் என்று இதனைக் குறைகூறுவோர் உளர். என் சட்டைக்கு இடம் தந்தது தமக்கையின் சட்டை என்பதை நான் கண்டிருக்கின்றேன்.