ஆணிப்பலகை

சங்கராபுரத்திலிருந்து மேற்கே நோக்கினால் கல்வராயன் மலைத்தொடர் நீலநிறமாய்த் தோன்றும். அவ்வூரில் உள்ள எங்கள் பழைய வீட்டின் பரணில், கோணியில் சுற்றப்பட்டு, ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக உறங்கிக் கிடந்தது ஒரு விளையாட்டுப் பலகை. கூரையின் ஓடுகளை மாற்றும்பொழுது அது கீழே இறங்கியது. அதனைப் பழைய நிலைக்குக் கொண்டுவர நான் முயன்ற கதையை இங்குக் கூறப் புகுகின்றேன். அம்முயற்சியில் ஒரு பிழை செய்தேன். அதனினும் பெரிய பிழை ஒன்றைச் செய்யாமல் தப்பினேன்.

அப்பலகைக்கு ஆங்கிலத்தில் பேகட்டெல் என்று பெயர். நாங்கள் அதனை 'ஆணிப்பலகை' என்றே அழைத்தோம். நீளம் மூன்று அடி; அகலம் ஒன்றரை அடி; தலைப்பக்கம் வில்போல் வளைந்திருக்கும். வலப்புற ஓரத்தில் ஒரு குறுகிய வாய்க்காலும், அதன் அடியில் சுருள்வில் பொருத்திய ஒரு கோலும் உண்டு. கோலைப் பின்னுக்கு இழுத்து விட்டால் எஃகுக் குண்டு விரைந்தோடும், வளைவில் திரும்பும், பித்தளை ஆணிகளில் மோதி மோதிக் கீழே இறங்கும். சிறு வேலிகள்போல் ஆணி அடித்த கூடுகள் ஆங்காங்கே இருக்கும். ஒவ்வொரு கூட்டிற்கும் ஓர் எண் உண்டு. பத்துக் குண்டுகளை விடுத்து, அவை தங்கிய கூடுகளின் எண்களைக் கூட்டிக் கொள்ளவேண்டும். பலகை முழுவதும் ஓர் ஓவியம் தீட்டப்பட்டிருந்தது. மேலே நீலமலை, நடுவே அடர்ந்த மரங்கள், கீழே தோகை விரித்த மயில். அந்த மலை கல்வராயன் மலையே என்று நாங்கள் உறுதியாக நம்பினோம்.

1963 ஆம் ஆண்டில் என் தந்தையார் நெல் வாணிகத்தின் பொருட்டுப் புதுச்சேரிக்குச் சென்றிருந்தார். அங்கே பழம்பொருள் விற்கும் கடையொன்றில் இதனைக் கண்டு வாங்கி வந்தார். எனக்கு அப்பொழுது வயது ஐந்து. என் தமையனாருக்கு ஒன்பது. நான் கோலை இழுத்த இழுப்பில் குண்டு எங்கோ ஓடி எங்கோ விழும். தமையனாரோ கோலை எத்துணை இழுத்தால் குண்டு எந்த ஆணியைத் தொடும் என்பதைக் கையாலேயே அறிந்திருந்தார். 1966 ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில் ஒரு நாள் அவர் 720 எண்கள் பெற்றார். மகிழ்ச்சி மிகுதியால் பேனாக்கத்தியை எடுத்து, மயிலின் காலடியில் அவ்வெண்ணைக் கீறிவிட்டார். தந்தையார் சினந்துகொண்டார். "இதற்குமேல் எவரேனும் எடுத்தால் இதை நானே அழித்துவிடுகிறேன், அப்பா" என்றார் தமையனார். எவரும் எடுக்கவில்லை. அடுத்த ஆண்டு மழைக்காலத்தில் வந்த காய்ச்சல் அவரைக் கொண்டு சென்றது. பலகை பரணுக்கு ஏறியது. அதனை இறக்குமாறு தந்தையாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

இவ்விளையாட்டு நெடுந்தொலைவு பயணம் செய்து நம்மிடம் வந்தது. பாரிசு நகரின் அருகே 1777 ஆம் ஆண்டில் எழுந்த பகத்தேல் என்னும் மாளிகையின் பெயரே இதற்கு வழங்கிற்று என்பர். பிரெஞ்சு மொழியில் அச்சொல்லுக்கு 'அற்பப் பொருள்' என்பது பொருள். முன்பு குண்டைக் கழியால் தள்ளி ஆடினர். அமெரிக்காவில் வாழ்ந்த மான்டேக் ரெட்கிரேவ் என்பவர் சுருள்வில் பொருத்திய கோலை அமைத்து, 1871 ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். பின்னர் 1931 ஆம் ஆண்டில் காசு போட்டு ஆடும் பொறியாக இது கடைகளில் பரவியது. 1947 ஆம் ஆண்டில், வீழும் குண்டைத் திருப்பி அடிக்கும் சிறு கைகள் அதில் சேர்ந்தன. இங்ஙனம் ஆணிப்பலகை வளர்ந்து 'பின்பால்' ஆயிற்று.

அப்பொறிகளின் முகப்பில் ஒரு கண்ணாடி உண்டு. அதன் பின்புறத்தில் வண்ணப்படம் அச்சிடப்பட்டிருக்கும். நம் தஞ்சைக் கண்ணாடி ஓவியமும் இவ்வாறே பின்புறத்தில் தீட்டப்படுவது. உள்ளிருக்கும் விளக்குகளின் வெப்பத்தால் அப்பொறிகளின் வண்ணம் நாளடைவில் செதில் செதிலாக உதிரும். எங்கள் பலகைக்கு விளக்கின் வெப்பம் இல்லை. பரணின் வெப்பம் இருந்தது. வார்னிஷ் பழுத்து, நீலமலை பழுப்பு மலையாகி இருந்தது. ஆணிகள் களிம்பேறிச் சாய்ந்திருந்தன. சுருள்வில் துருப்பிடித்து ஒடிந்திருந்தது.

என் முதற் பிழையை இனிச் சொல்லவேண்டும். அழுக்கைக் கண்டவுடன் அதனை நீக்கவேண்டும் என்ற ஆவல் எனக்கு மேலிட்டது. சவர்க்கார நீரில் துணியை நனைத்து மயிலின் தோகையை அழுத்தித் துடைத்தேன். துணி பச்சையாயிற்று. நான்கு விரல் அகலத்திற்குத் தோகை மறைந்து, வெறும் மரம் தெரிந்தது. பல ஆண்டுகள் பரணில் பிழைத்திருந்த வண்ணம் என் கையில் ஒரு நொடி பிழைக்கவில்லை. எந்த ஊரிலோ, யாரோ ஓர் ஓவியர் பொறுமையுடன் தீட்டிய தோகை அது. அவர் பெயரையும் நான் அறியேன்; அவரிடம் மன்னிப்புக் கேட்கவும் வழியில்லை.

பிழை செய்தவன் அதனை மறைக்க மேலும் பெரிய பிழையை நாடுவது உலக இயல்பு. "படம் கெட்டது கெட்டுவிட்டது; பலகை முழுவதையும் உப்புத்தாளால் தேய்த்து, புதிய வண்ணம் பூசிவிடலாம்" என்று முடிவு செய்தேன். அதற்கு உதவி வேண்டிக் கள்ளக்குறிச்சிக்குச் சென்றேன். அவ்வூர் மரச்சிற்பத்திற்குப் பெயர்பெற்றது. கள்ளக்குறிச்சி மரச்சிற்பங்களுக்கு 2021 ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் கிடைத்துள்ளது. அங்கே முதிய சிற்பியார் ஒருவர் என் வேண்டுகோளை ஏற்று வீட்டிற்கு வந்தார்.

வந்தவர் உளியை எடுக்கவில்லை. நெடுநேரம் பலகையை விரல்களால் தடவிப் பார்த்தார். மயிலின் காலடியில் அவர் விரல் நின்றது. "இது என்ன, ஐயா?" என்று வினவினார். தமையனாரின் கதையைச் சொன்னேன்.

"இதனையும் தேய்த்துவிடவா சொல்கிறீர்கள்?"

"தேய்த்து முடித்தபின் அதே இடத்தில் அவ்வெண்ணைத் திரும்பவும் பொறித்துக் கொள்ளலாமே" என்றேன்.

"பொறிக்கலாம், ஐயா. அது என் கையாக இருக்கும். அல்லது தங்கள் கையாக இருக்கும். தங்கள் அண்ணன் கையாக இருக்குமா?"

எனக்கு மறுமொழி தோன்றவில்லை. உப்புத்தாளை அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.

அதன்பின் வேலை மெல்ல நடந்தது. முதலில் பலகையின் மூலையில், எவர் கண்ணிலும் படாத இடத்தில், சிறிது துடைத்துப் பார்த்தோம். சவர்க்காரத்தைத் தாங்காத வண்ணம் உமிழ்நீரில் நனைத்த பஞ்சைத் தாங்கியது. ஓவியங்களைக் காக்கும் வல்லுநர்கள் நெடுங்காலமாகக் கையாளும் முறை இது. உமிழ்நீரில் உள்ள நொதிகள் அழுக்கை மென்மையாகக் கரைக்கும். ஒரு நாளைக்கு ஓர் உள்ளங்கை அளவு என்று பதினெட்டு நாட்கள் துடைத்தேன். பழுப்புப் படலத்தின் கீழிருந்து மலையின் நீலம் சிறிது சிறிதாக வெளிப்பட்டது.

நான் அழித்த தோகையை என்ன செய்வது? எஞ்சிய வண்ணத்தின்மேல் முதலில் தெளிந்த வார்னிஷ் ஒரு பூச்சுப் பூசினோம். அது காய்ந்தபின், வெறுமையான இடத்தில் மட்டும் நீர்வண்ணத்தால் இறகுகளை வரைந்தேன். பழைய வண்ணத்தின்மேல் என் தூரிகை ஓரிழையும் ஏறவில்லை. நாளை என்னிலும் வல்லவர் ஒருவர் வந்தால், ஈரப்பஞ்சினால் என் வண்ணத்தை நீக்கிவிட்டுச் செவ்வையாக வரையலாம். உற்றுப் பார்ப்பவர்க்கு எது பழையது, எது புதியது என்பது தெரியும். தெரியட்டும் என்றே விட்டேன்.

தஞ்சைப் பெரிய கோயிலின் நினைவு அப்பொழுது எழுந்தது. அங்கே கருவறையைச் சூழ்ந்த திருச்சுற்றில் நாயக்கர் கால ஓவியங்களுக்கு அடியில் சோழர் கால ஓவியங்கள் மறைந்திருப்பதை, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ். கே. கோவிந்தசாமி 1931 ஆம் ஆண்டில் கண்டறிந்தார். அடியில் உள்ளதைக் காண மேலே உள்ளதைச் சுரண்டி எறிந்துவிடலாம் என்று அறிஞர்கள் எண்ணவில்லை. பிற்காலத்தில் தொல்லியல் துறையினர் மேலடுக்கைச் சிதையாமல் பிரித்தெடுத்து, வேறு தளத்தில் ஒட்டி வைத்தனர். இரண்டு காலத்தின் கைகளும் காக்கப்பட்டன. பேரரசனின் கோயிலுக்கு உரிய நெறி ஒரு விளையாட்டுப் பலகைக்கும் உரியதே என்று எனக்குத் தோன்றியது.

அடுத்து ஆணிகளின் முறை வந்தது. புளியிட்டுத் தேய்த்ததும் பித்தளை ஒளிர்ந்தது. தளர்ந்த ஆணிகளின் துளைகளில் தீக்குச்சியைச் செதுக்கி, வச்சிரப் பசை தோய்த்து இறுக்கினார் சிற்பியார். வேண்டும்பொழுது வெந்நீரால் இளக்கிவிடலாம் என்பதால் அப்பசையைத் தேர்ந்தெடுத்தார். ஆடிக்கொண்டிருந்த ஆணிகளை மட்டுமே தொட்டோம். உறுதியாக நின்றவற்றின் சாய்வை நிமிர்த்தவில்லை. ஒவ்வோர் ஆணியின் சாய்வும் குண்டின் வழியை மாற்றும் அன்றோ? நியூயார்க் நகரில் பின்பால் ஆட்டம் சூது என்று கருதப்பட்டு, 1942 ஆம் ஆண்டு முதல் தடை செய்யப்பட்டிருந்தது. 1976 ஆம் ஆண்டில் ரோசர் சார்ப் என்பவர் நகர மன்றத்தார் முன்னிலையில், குண்டு எந்த வழியே செல்லும் என்று முன்னரே கூறி, அவ்வழியே செலுத்திக் காட்டினார். அதன்பின் தடை நீங்கியது. கையும் கண்ணும் பழகினால் இவ்வாட்டம் வெறும் குருட்டுப்பேறு ஆகாது. என் தமையனார் பழகியது இந்த ஆணிகளோடு. இவற்றையெல்லாம் நிமிர்த்திவிட்டால் 720 என்பது வேறொரு பலகையின் கணக்காகிவிடும்.

சுருள்வில்லை மட்டும் புதிதாகத்தான் வாங்கவேண்டியிருந்தது. முதலில் பொருத்தியது மிகவும் வலியதாய் இருந்தமையால் குண்டு பலகையை விட்டே பாய்ந்தது. மூன்றாவது வில் பொருந்தியது. ஒடிந்த பழைய வில்லைத் துருநீக்கி, எண்ணெயிட்டு, ஒரு சிறு பையில் இட்டுப் பலகையின் அடியில் கட்டி வைத்தேன்.

வேலை முடிந்த அன்று பலகையைக் கூடத்தில் வைத்தேன். தொண்ணூறு வயதை நெருங்கும் என் அன்னையார்க்குக் கண்பார்வை மங்கிவிட்டது. சுவரைப் பற்றிக்கொண்டு மெல்ல வந்து அமர்ந்தார். மலையையோ மயிலையோ அவர் காணவில்லை. விரலால் துழாவி மயிலின் காலடியைக் கண்டுபிடித்தார். ஏழு, இரண்டு, சுழி என்று மூன்று எண்களின்மேலும் விரல் சென்றது. "ஏழு எழுதும்போது இப்படித்தான் வால் நீட்டுவான்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

என் பேரன் இப்பொழுது விடுமுறைதோறும் அப்பலகையோடு போராடுகின்றான். இதுவரை அவன் பெற்ற மிகுதியான எண் 640. ஒரு நாள் அவன், "தாத்தா, நான் 720-ஐத் தாண்டிவிட்டால் அதை அழித்துவிடலாமா? பெரிய தாத்தா அப்படித்தானே சொன்னாராம்!" என்று கேட்டான்.

"அழிக்கவேண்டா, அதன் பக்கத்தில் உன் எண்ணை எழுதிக்கொள்" என்றேன்.

மயிலின் காலடியில் அதற்கு வேண்டிய இடம் இருக்கின்றது.