பேசாலை மணலின் அடியில்

மன்னார்ப் பாலத்தைக் கடந்து தலைமன்னாரை நோக்கிச் செல்வோருக்கு இடைவழியில் எதிர்ப்படும் ஊர் பேசாலை. பனைகள், கருவாட்டு மணம், கரையேற்றிய வள்ளங்கள், தூரத்திலேயே தெரியும் தேவாலயம், மற்றெங்கும் மணல். 1970களில் இவ்வூரின் பெயர் நாடெங்கும் அடிபட்டது மீனுக்காக அன்று, எண்ணெய்க்காக. சோவியத்து நாட்டின் உதவியுடன் இங்கே நிலம் துளையிடப்பட்டது. எடுத்து விற்கத் தகுந்த எண்ணெய் மட்டும் கிடைக்கவில்லை.

இலங்கை முழுவதையும் விட்டு இம்மணல் தீவை ஏன் தேடி வந்தனர்? இந்நாட்டின் பத்தில் ஒன்பது பங்கு, வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் வெந்து உருமாறிய மிகப் பழைய பாறை. கண்டியிலோ பதுளையிலோ எவ்வளவு ஆழம் தோண்டினும் எண்ணெயை எதிர்பார்க்க இயலாது. வடக்கிலும் வடமேற்கிலுமே சுண்ணக்கல் முதலிய அடையற் பாறைகள் உள. கொண்டுவானாப் பெருங்கண்டம் உடைந்தபோது இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையே நிலம் இழுபட்டுத் தாழ்ந்தது. அப்பள்ளங்களில் மணலும் சேறும் கோடிக்கணக்கான ஆண்டுகளாய்ப் படிந்தன. வடபால் காவிரிப் படுகை, தென்பால் மன்னார்ப் படுகை. இரண்டிற்கும் வரம்பு கட்டினாற்போலக் கிடக்கிறது மன்னார்த் தீவு.

எண்ணெய் நிலத்தடியில் ஏரிபோலத் தேங்கியிருப்பதாகப் பலர் நினைக்கின்றனர். உண்மையில், நீரை உறிஞ்சிய செங்கல்லைப்போல, மணற்கல்லின் நுண்டுளைகளிலேயே அது தங்கியிருக்கும். அது பிறப்பதோ வேறிடத்தில். காற்றுப் புகாத கடலடிச் சேற்றில் புதைந்த நுண்ணுயிர்களின் உடல்கள், ஏறத்தாழ 60 முதல் 120 பாகை வரையான வெப்பத்தில் எண்ணெயாகின்றன. ஒவ்வொரு கிலோமீற்றர் ஆழத்துக்கும் வெப்பம் 25 அல்லது 30 பாகை கூடுவதால், இச்சமையல் பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு கிலோமீற்றர் ஆழத்தில் நடைபெறும். அடுப்பு தணிந்தால் ஒன்றும் ஆகாது. மிஞ்சினால் எண்ணெய் முறிந்து வாயுவாகிவிடும்.

பிறந்த எண்ணெய் நீரினும் இலேசானது; ஆகவே பாறைத் துளைகள் வழியே மேலே ஊரும். தடுப்பாரில்லையேல் நிலமட்டம் வரை வந்து வீணாகும். சாம்பிராணிப் புகையின்மேல் சட்டியைக் கவிழ்த்தால் புகை உள்ளேயே தங்குமன்றோ? அதுபோல, வளைந்து மடிந்த பாறையின் முகட்டில், மேலே இறுகிய களிப்பாறை மூடியிருந்தால் எண்ணெய் சிறைப்படும். பாறை வெடித்துப் பெயர்ந்த இடங்களும் சில வேளை இவ்வாறு தடுப்பதுண்டு. புகை போன பின்பு சட்டியைக் கவிழ்த்துப் பயனில்லை. மடிப்பு முன்னரே அமைந்திருத்தல் வேண்டும். நமது எண்ணத்தில், இக்கால ஒழுங்கே எல்லாவற்றிலும் அரிது. துளையிட்ட பின்பே அது கைகூடியதா என்பது தெரியவரும்.

எதிர்க்கரையில், அதே காவிரிப் படுகையில், நாகபட்டினத்தை அடுத்த நரிமணத்தில் எண்ணெய் எடுத்தனர். நம் பக்கமோ 1976ல் பாக்குக் கடலிலும், 1981ல் மன்னார்க் குடாவிலும் துளையிட்டும் பயன் கிட்டவில்லை. பின்னர் 2011ல் கெயர்ன் லங்கா நிறுவனம் குடாவின் ஆழ்கடலில், 1,354 மீற்றர் நீருக்கு அடியில், 'டொராடோ' என்னும் கிணற்றைத் தோண்டியது. மூவாயிரம் மீற்றருக்குக் கீழே, சுமார் 25 மீற்றர் தடிப்பில் வாயு தேங்கிய மணற்கல் அகப்பட்டது! அடுத்த கிணறாகிய 'பரக்கூடா'விலும் வாயு இருந்தது. அங்கே மணற்கல்லுக்கிடையே எரிமலைப் பாறைகளும் குறுக்கிட்டன. மூன்றாவது கிணறு வெறுமை. ஒரே படுகை, ஒரே ஆண்டு. சட்டி மட்டும் வேறு. 2015ல் அந்நிறுவனம் விலகிச் சென்றது.

கரையில் வலை பொத்திக்கொண்டிருந்த முதியவர் ஒருவர், "ஐயா, எண்ணெய் வந்தால் எங்கட கடல் என்னாகும்?" என்று நம்மைக் கேட்டார். வாயு கண்ட இடம் சிறு வள்ளங்கள் செல்லும் கரைக்கடல் அன்று என்றோம். அவர் முகம் தெளியவில்லை. குழாய் கரைக்கு வந்துதானே ஆகவேண்டும் என்றார். அது நியாயமான கேள்வியே. குழாய் பதிக்கும் வழியை வரையுமுன் இவரைப் போன்றோரிடம் கேட்பது அவசியம் என்பது நம் கருத்து.

தீவின் தென்கரையில் இப்போது காற்றாலைகள் சுழன்று மின்சாரம் தருகின்றன. கடலடி வாயுவோ இன்னும் வெளியே எடுக்கப்படாமல் மணற்கல்லிலேயே இருக்கிறது.