ஆறு மணி ஷிப்டும் ஆறடிச் சமையற்கட்டும்

வடசென்னையில் ஒரு சமையற்கட்டைப் பிரித்துக் கட்டத் திட்டமிடும்போது முதலில் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டியவை அந்த வீட்டின் நேரங்கள். 1946-இல் பலூன் செய்யும் கொட்டகையாகத் திருவொற்றியூரில் தொடங்கிய எம்.ஆர்.எஃப்., 1948-இல் தொடங்கப்பட்டு எண்ணூரில் வேரூன்றிய அசோக் லேலண்ட், ஐம்பதுகளில் வந்த என்ஃபீல்டு என்று ஆலைகள்தாம் இந்தப் பக்கத்துத் தெருக்களில் அடுப்பு பற்றவைக்கும் நேரத்தைத் தலைமுறை தலைமுறையாக முடிவு செய்து வந்திருக்கின்றன. ஆறு மணிக்கு முதல் ஷிப்டு என்றால் ஐந்தேகாலுக்கெல்லாம் ஆள் தெருமுனையில் பஸ்ஸுக்கு நிற்க வேண்டும். அதற்குள் மதியச் சாப்பாடு டப்பாவில் ஏறியிருக்க வேண்டும். ஏழு மணிக்குப் பள்ளிப் பிள்ளைகளின் டப்பா. அதே ஏழு மணிக்கு இரவு ஷிப்டு முடிந்து வருபவர் சாப்பிட்டுவிட்டுப் படுப்பார். காசிமேட்டை ஒட்டிய வீடென்றால் விடியலுக்கு முன்பே மீன் ஏலத்துக்குக் கிளம்புகிறவர் ஒருவர் இருப்பார்.

இவற்றை மணிவாரியாக ஒரு தாளில் எழுதி, ஒவ்வொரு மணிக்கும் நேரே எத்தனை பேர் சமையற்கட்டில் நிற்கிறார்கள், என்ன செய்கிறார்கள் என்று குறித்துவிட்டால் வரைபடத்தில் பாதி வந்த மாதிரி. பெரும்பாலான வீடுகளில் ஆறரை முதல் ஏழரை வரைதான் நெரிசல். ஒருவர் தோசைக்கல்லின் முன்னால், இன்னொருவர் டப்பா கட்டுகிறார், ஒரு பிள்ளை தண்ணீர் பாட்டிலோடு வந்து நிற்கிறது, பெரியவருக்கு டீ வேண்டும். அந்த ஒரு மணி நேரத்தை யாரும் யாரையும் இடிக்காமல் கடக்கவிடும் அமைப்பு, மீதி இருபத்துமூன்று மணி நேரத்தையும் தாங்கும்.

மாடுலர் கிச்சன் விற்பவர்கள் எடுத்த எடுப்பில் சொல்வது முக்கோணக் கணக்கு. அடுப்பு, சிங்க், ஃபிரிட்ஜ் மூன்றையும் கோட்டால் இணைத்தால் வரும் முக்கோணத்தின் பக்கங்களைக் கூட்டினால் 13 அடிக்குக் குறையாமலும் 26 அடிக்கு மிகாமலும் இருக்க வேண்டும் என்பார்கள். 1940-களில் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகக் கட்டடக்கலைப் பள்ளியில் உருவான கணக்கு அது. அதற்கும் முன்னால், 1926-இல், மார்கரெட் ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற கட்டடக் கலைஞர் பிராங்ஃபர்ட் நகரின் புதிய குடியிருப்புகளுக்காக 1.9 மீட்டருக்கு 3.4 மீட்டரில் ஒரு சமையலறையை வகுத்தார். ரயில் உணவுப்பெட்டியின் சமையலறையைப் பார்த்து, எந்தப் பொருளை எடுக்க எத்தனை எட்டு நடக்க வேண்டியிருக்கிறது என்று கணக்கிட்டுச் செய்தது. நம் அளவில் ஆறேகால் அடிக்குப் பதினோரு அடி. ராயபுரத்துப் பழைய வீடுகளின் பின்கட்டுச் சமையற்கட்டை நினைவூட்டும் அளவு. அந்தச் சிக்கனத்திடம் இன்றும் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. ஆனால் இரண்டு கணக்குமே சமையலறைக்குள் ஒரே ஒருத்தி தனியாக வேலை செய்கிறாள் என்று வைத்துக்கொண்டு போட்டவை. மாமியார் மீன் ஆய, மருமகள் தாளிக்க, நடுவில் ஒருவர் தண்ணீர் பிடிக்கும் வீட்டுக்கு ஒரு முக்கோணம் போதாது. ஒருவர் வேலை செய்யும் வட்டத்துக்குள் மற்றவர் நுழையாமல் இருக்க, இரண்டு வேலையிடங்கள் வேண்டும்.

தேசியக் கட்டட விதித்தொகுப்பு, சாப்பிடத் தனி இடம் உள்ள வீட்டின் சமையலறைக்கு 5 சதுர மீட்டர் பரப்பையும் 1.8 மீட்டர் அகலத்தையும் குறைந்தபட்சமாகச் சொல்கிறது. அங்கேயே உட்கார்ந்து சாப்பிடுவதானால் 7.5 சதுர மீட்டர், 2.1 மீட்டர் அகலம். முதல் அளவு ஏறக்குறைய ஆறடிக்கு ஒன்பதடி. இதில் பலரும் ஆசைப்படுவது இருபக்கச் சுவரிலும் மேடை. இரண்டடி மேடை இரண்டு போட்டால் நடுவில் மிஞ்சுவது இரண்டடி. குனிந்து கீழ்க்கதவைத் திறந்தால் பின்னால் ஆள் போக முடியாது. ஒருவர் நிற்க மூன்றடி, ஒருவர் நிற்கும்போது இன்னொருவர் பின்னால் கடந்து போக மூன்றரையிலிருந்து நாலடி தேவை. ஆகவே ஒன்பதடிச் சுவரில் ஒரு மேடை, கோடியில் ஜன்னல் சுவரை ஒட்டி அதன் சிறிய கை என்று ‘எல்’ வடிவமே இந்த அளவுக்குப் பொருந்துகிறது. எதிர்ச்சுவரில், வாசலுக்குப் பக்கத்திலேயே, ஓரடி அகலமும் நாலடி நீளமும் உள்ள ஒரு கடப்பா கல் பலகை. அதுதான் இரண்டாவது வேலையிடம்: டப்பா கட்டுவது, பாட்டில் நிரப்புவது, டீ ஆற்றுவது எல்லாம் அங்கே. தண்ணீர் ஃபில்டரும் அதற்கு மேல் சுவரில். பிள்ளைகள் உள்ளே வராமலே கை நீட்டி எடுத்துக்கொண்டு போகலாம். ஃபிரிட்ஜ் வாசலுக்கு வெளியே கூடத்தில் நிற்பதை அழகுக் குறைவாகச் சிலர் நினைக்கிறார்கள். ஷிப்டு வீட்டில் அதுவே சரி. நள்ளிரவில் வருபவர் ஐஸ் தண்ணீருக்காகச் சமையற்கட்டு விளக்கைப் போட வேண்டியதில்லை.

தண்ணீருக்கான இடத்தை இங்கே தாராளமாக ஒதுக்க வேண்டும். மெட்ரோ வாட்டர் வரும் நேரத்தில் பிடித்து வைப்பது பழகிப்போன வேலை. கடலோரத்து போர் தண்ணீர் உப்பு கரிக்கும். நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் தரும் திறனோடு காட்டுப்பள்ளியில் 2010-இல் மீஞ்சூர் கடல்நீர் சுத்திகரிப்பு நிலையம் வந்த பிறகும் குடம் வீட்டைவிட்டுப் போகவில்லை. போகத் தேவையும் இல்லை. குழாய் நின்றுபோகும் நாளில் அதுதான் கைகொடுக்கிறது. எனவே குடத்துக்கென்று மேடையின் கோடியில் ஒன்றரை அடி உயரத்தில் தாழ்வான ஒரு கல்மேடை கட்டுவது நல்லது. இரண்டரை அடிச் சதுரத்தில் நாலு குடம் நிற்கும்; மொள்ள முதுகை வளைக்க வேண்டாம்; தூக்கி வைக்கும்போதும் இடுப்புக்கு மேல் ஏற்ற வேண்டாம். 200 லிட்டர் டிரம் நிரம்பினால் 200 கிலோ, ஒருமுறை வைத்தால் வைத்ததுதான். அதற்குப் பின்பக்கம் நிரந்தர இடமும் அடியில் ஒரு குழாயும் வேண்டும். சிங்க்கில் இரண்டு குழாய்: ஒன்று போர் தண்ணீருக்கு, பாத்திரம் விளக்க, மற்றொன்று நல்ல தண்ணீருக்கு, அரிசி களைய. ஆர்.ஓ. தள்ளிவிடும் தண்ணீரை ஒரு பக்கெட்டுக்குக் கொண்டுபோகும் சிறு டியூபையும் சுவருக்குள் முதலிலேயே பதித்துவிடலாம்.

சிங்க்கை இடம் மாற்றும் ஆசை வரும்போது கழிவுக் குழாயின் வாட்டத்தைப் பார்க்க வேண்டும். அடிக்குக் கால் அங்குலம் சரிவு என்றால், எட்டடி தள்ளி வைக்கும் சிங்க்குக்கு இரண்டு அங்குலம் இறக்கம் வேண்டும். தனி வீட்டில் தரையை உயர்த்திச் சமாளிக்கலாம். ஹவுசிங் போர்டு அடுக்குமாடியில் கழிவுக் குழாய் இறங்கும் இடம் எல்லா மாடிக்கும் பொது. கீழ்வீட்டுக்காரரின் படுக்கையறைக்கு மேல் நம் சிங்க் வந்தால் கசிவு அவர் தலையில்தான் இறங்கும். அங்கே சிங்க் இருந்த இடத்திலேயே இருக்கட்டும், மற்றவை நகரட்டும்.

மீன் ஆயும் இடம் எந்த மாடுலர் வரைபடத்திலும் இருப்பதில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலை வஞ்சிரமோ சங்கராவோ வந்து இறங்கும் வீட்டில் அதுவே அதிக நேரம் பிடிக்கும் வேலை. அருவாமனையில் உட்கார்ந்து ஆய்கிறவருக்கு மூன்றடிச் சதுரத் தரை வேண்டும். சுற்றுத் தரையிலிருந்து இரண்டு அங்குலம் பள்ளமாக, வழுக்காத சொரசொரப்பான கல்லோ டைல்ஸோ பதித்து, ஒன்றரை அடி உயரத்தில் ஒரு குழாயோடு. செதில் சிங்க்கின் குழாயில் இறங்கினால் வளைவில் தங்கி நாறும். தரையில் உள்ள நஹானி டிராப்பில் வலைக்கூடை போட்டால் செதில் முழுதும் கையோடு வந்துவிடும். இந்த இடம் பின்கட்டுக் கதவையோ ஜன்னலையோ ஒட்டி, வெளிச்சம் நேரே விழும்படி இருக்க வேண்டும். நண்டும் இறாலும் சுத்தம் செய்பவருக்கு மங்கிய விளக்கு கொடுப்பது பெரிய அநியாயம். விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை என்பதால் அந்த மாதங்களுக்குக் கருவாடு சேமிக்கிறவர்கள் உண்டு. அதற்கு அரிசி, மாவு இருக்கும் அலமாரியிலிருந்து விலகி, வெளிக்காற்று படும் ஒரு தட்டு தனியாக வேண்டும்.

சிலிண்டர் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும், ஆனால் அதில் விட்டுக்கொடுக்க ஒன்றுமில்லை. சமையல் வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தங்கும். ஆகவே சிலிண்டர் இருக்கும் கீழ் அலமாரியின் கதவு அடிப்பக்கம் துளையோடு இருக்க வேண்டும், அறையிலும் தரைமட்டத்தில் ஒரு காற்றுவழி வேண்டும். 14.2 கிலோ வாயு உள்ள சிலிண்டர் இரும்போடு சேர்த்து முப்பது கிலோவை நெருங்கும். படி ஏறாமல் உருட்டிக்கொண்டு வரும் பாதையில் அதன் இடம் அமைய வேண்டும். ரப்பர் குழாயை இழுப்பறைகளின் பின்னால் ஒளித்துக் கொண்டுபோகக் கூடாது. கண்ணில் பட்டால்தான் ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாற்றும் நினைவு வரும்.

அக்கினி மூலை கேட்காத குடும்பம் குறைவு. சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில் சமையற்கட்டையே தென்கிழக்குக்கு மாற்ற முடியாது. அறைக்குள் தென்கிழக்கு மூலையில் அடுப்பு அமைந்தாலே பெரும்பாலோருக்கு மனநிறைவு வந்துவிடுகிறது. கவனிக்க வேண்டியது கடற்காற்று. நண்பகலுக்குப் பின் கிழக்கிலிருந்து அது வீசும்போது அடுப்புக்கு நேர்பின்னால் உள்ள கிழக்கு ஜன்னல் தீயை அலைக்கழிக்கும், கிழக்குச் சுவரில் வைத்த எக்ஸாஸ்ட் ஃபேன் புகையை வெளியே தள்ளத் திணறும். ஜன்னல் அடுப்புக்குப் பக்கவாட்டில், ஃபேன் காற்று வெளியேறும் திசையில் என்பதே இந்தக் கரையோரத்துக்குச் சரி. எண்ணூர்ப் பக்கம் நிலக்கரித் தூசும் சாம்பலும் வந்து படிவதால் திறந்த தட்டுகளில் பாத்திரம் அடுக்குவது வேலையை இரட்டிப்பாக்கும். அங்கே கதவுள்ள அலமாரியே தேவை.

உப்புக்காற்று எதை அரிக்கும் என்று தெரிந்துகொண்டே பொருள் வாங்க வேண்டும். எவர்சில்வர் என்று விற்கப்படும் சிங்க்கிலும் கீலிலும் 202 ரகம் நிறைய. நிக்கலைக் குறைத்து மாங்கனீசு சேர்த்தது, கடலோரத்தில் சீக்கிரமே பழுப்பேறும். காந்தம் ஒட்டவில்லை என்று காட்டுவது சோதனையே ஆகாது, 202-லும் 304-லும் பொதுவாகக் காந்தம் ஒட்டாது. குறைந்தது 304 என்று பில்லில் எழுதி வாங்க வேண்டும். மாலிப்டினம் சேர்ந்த 316 இன்னும் நன்றாகத் தாங்கும், விலைதான் அதிகம். கடலுக்கு முதல் தெருவில் இருப்பவர்கள் கீல்களுக்காவது அதை யோசிக்கலாம். மரத்தூள் அழுத்திய பலகை தண்ணீர் பட்டால் ரொட்டி போல உப்பிவிடும். 72 மணி நேரம் கொதிநீரில் போட்டுச் சோதிக்கும் ஐ.எஸ். 710 பிளைவுட் அதற்கு எத்தனையோ மேல். இவை எல்லாவற்றையும்விட நம்பகமானது பழைய வழி: செங்கல் கால், கடப்பா கல் தட்டு, மேலே கிரானைட், முன்னால் மட்டும் அலுமினியச் சட்டமிட்ட கதவு. துருப்பிடிக்க அதில் இரும்பும் இல்லை, உப்ப மரமும் இல்லை. வெள்ளம் வந்த தெருக்களுக்கு இதை அழுத்திச் சொல்ல வேண்டும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழையில் எண்ணூர்க் கழிமுகத்தை ஒட்டிய குடியிருப்புகளுக்குள் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவும் புகுந்தது. கல் தட்டென்றால் கழுவி எடுத்துவிடலாம், பலகை என்றால் பிய்த்து எறிய வேண்டியதுதான். அந்தத் தெருக்களில் எந்தப் பிளக் பாயின்டும் மேடைக்குக் கீழே வரக் கூடாது.

மேடையின் உயரம் சமைப்பவரின் முழங்கையைப் பொறுத்தது. முழங்கைக்கு நாலு முதல் ஆறு அங்குலம் கீழே என்றால் ஐந்தடி உயரமுள்ளவருக்கு 32, 33 அங்குலம் வரும். மேடைமேல் வைக்கும் அடுப்பு தானும் ஐந்தாறு அங்குலம் உயரம் என்பதால், அடுப்பு வரும் பகுதியை மட்டும் மூன்று அங்குலம் தாழ்த்திக் கட்டினால் பெரிய குழம்புச் சட்டியைக் கிண்டும்போது தோள் வலிக்காது. கொத்தனார்கள் இதற்கு முகம் சுளிப்பார்கள், கல்லை இரண்டாக வெட்ட வேண்டியிருக்கும். கேட்டு வாங்கத்தான் வேண்டும். கிரைண்டருக்கும் மேடை ஒத்துவராது. 2011-க்குப் பின் அரசு கொடுத்த விலையில்லா மிக்ஸியும் கிரைண்டரும் வந்து சேர்ந்த எத்தனையோ வீடுகளில், அவற்றுக்கென்று இடம் யோசிக்கப்படவே இல்லை. ஈர மாவோடு கல்லைத் தூக்கி வெளியே எடுக்கும் வேலை அது. ஒன்றரை அடி உயரத் தாழ்மேடை போதும், குட மேடையின் நீட்சியாகவே அதை அமைக்கலாம். ஆனால் அதன் பிளக் பாயின்ட் தண்ணீர் தெறிக்காத தூரத்தில், மேலே இருக்க வேண்டும்.

ராயபுரத்துப் பழைய வீடுகளில் சுவரை உடைக்கும் முன் மேலே பார்க்க வேண்டும். தேக்கு உத்திரங்களின் மேல் செங்கலைச் சுண்ணாம்புக் காரையில் நிறுத்திக் கட்டிய மெட்ராஸ் டெரஸ் கூரை, முழுப் பாரத்தையும் சுவர்மேல் இறக்குகிறது. வாசலை அகலப்படுத்துவதுகூட முட்டுக் கொடுத்து, மேலே லின்டல் போட்ட பிறகே.

வேலை தொடங்க ஏற்ற காலம் பள்ளி விடுமுறை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை பூச்சு காயாது. கூடத்தின் ஓரத்தில் ஒரு பலகை, ஒற்றை அடுப்பு, இரண்டு குடம் என்று தற்காலிகச் சமையலிடம் அமைந்த பிறகே பழைய மேடையில் சுத்தியல் விழ வேண்டும், ஷிப்டு காத்திருக்காது. முதலில் கழிவுக் குழாய், பிறகு தண்ணீர்க் குழாயும் ஒயரிங்கும், பூச்சு, தரை, மேடைக்கல், சிங்க் என்று வேலை நடக்கும். மீன் ஆயும் பள்ளத்தில் டைல்ஸ் ஒட்டும் முன் இரண்டு நாள் தண்ணீர் தேக்கிக் கசிவு பார்ப்பது அவசியம். அலமாரிக் கதவுகளுக்கான அளவை மேடைக்கல் பதித்த பிறகே எடுக்க வேண்டும். பழைய சுவர் எதுவும் தூக்குநூலுக்கு நேராக நிற்பதில்லை. தாளில் இருந்த அளவுக்குச் செய்து வந்த கதவு மேலே அரை அங்குலம் இடிக்கும், கீழே அரை அங்குலம் இடைவெளி விடும், கரப்பான் அதன் வழியே உள்ளே போகும்.