வண்டிக்குள் ஒரு வண்டி: செகிஞ்சானுக்குப் போன சைக்கிள்கள்

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் நெடுஞ்சாலையில் போகிறவர்கள் கவனித்திருப்பீர்கள். சில கார்களின் பின்னால் சைக்கிள்கள் தொங்கிக்கொண்டு போகும். மிதித்துப் போக வேண்டியதைச் சுமந்துகொண்டு போவானேன் என்று கேட்கலாம். பூச்சோங்கிலோ கிள்ளானிலோ குடியிருப்பவர்களுக்கு விளக்கம் தேவைப்படாது. வாசலைத் தாண்டினால் லோரியும் பேருந்தும் உரசிக்கொண்டு ஓடும் பெரிய சாலை. சைக்கிளுக்கென்று அதில் ஒரு முழம் இடம் இல்லை. நிம்மதியாக மிதிக்க வேண்டுமானால், முதலில் சைக்கிளை அந்தச் சாலையிலிருந்து வெளியே கொண்டுபோக வேண்டும்.

என்னிடம் இருப்பது பெரோடுவா அதிவா. நீளம் 4 மீட்டரைச் சற்றே தாண்டும். வெளியே உயரமாகத் தெரிந்தாலும் உள்ளே இடம் சிக்கனம்தான். பெரியவர்கள் ஓட்டும் சைக்கிள் ஏறக்குறைய 1.7 மீட்டர் இருக்கும். பின் இருக்கைகளை மடக்கினாலும் முழுசாக உள்ளே போகாது. முன் சக்கரத்தைக் கழற்றினால் போகும். இரண்டு சக்கரங்களையும் கழற்றிவிட்டால் இரண்டு சைக்கிள்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்க வைக்கலாம். நடுவில் பழைய கைலி ஒன்றை விரித்துவிட்டால் சாயம் உரியாது.

பின் சக்கரத்தைக் கழற்றும் முன் சங்கிலியை ஆகச் சிறிய பல்சக்கரத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். கழற்றுவதும் மாட்டுவதும் சுலபமாகிவிடும். சங்கிலிப் பக்கம் மேலே இருக்கும்படி படுக்க வையுங்கள். எண்ணெயில் இயங்கும் டிஸ்க் பிரேக் உள்ள சைக்கிளானால், சக்கரம் இல்லாத நேரத்தில் பிரேக் கைப்பிடியை அழுத்தவே கூடாது. பிரேக் கட்டைகள் இரண்டும் நெருங்கி ஒட்டிக்கொள்ளும். நடுவில் மடித்த அட்டைத் துண்டு ஒன்றைச் செருகி வைத்தால் கவலையில்லை.

இதைவிட முக்கியம், கட்டி வைப்பது. பின் இருக்கையை மடக்கிவிட்டால் சைக்கிளுக்கும் ஓட்டுநருக்கும் இடையில் தடுப்பே இல்லை. திடீரென்று பிரேக் பிடித்தால் கட்டாத சைக்கிள் முன்னால் பாயும். நல்ல வார் கொண்டு இறுக்கிக் கட்டுங்கள். இடம் போதவில்லை என்று பின்கதவைப் பாதி திறந்து கயிற்றால் கட்டிக்கொண்டு ஓட்டுவது ஆபத்து. புகைக்குழாயின் நச்சு வாயு உள்ளே வரும்.

நான்கு பேர் உள்ள குடும்பத்துக்குச் சைக்கிள்களை உள்ளே ஏற்ற வழியில்லை. பின்கதவில் வாரால் மாட்டும் தாங்கி வேண்டும். அதன் கொக்கிகளைக் கதவின் உச்சியில் இருக்கும் பிளாஸ்டிக் விளிம்பில் மாட்டாதீர்கள், உடைந்துவிடும். எண் பட்டையும் விளக்குகளும் மறையக்கூடாது, மறைந்தால் சம்மன் வரலாம். கூரையில் ஏற்றுகிறவர்கள் ஒன்றை மறக்கக்கூடாது. பேரங்காடி வாகன நிறுத்துமிடங்களின் உயரம் பெரும்பாலும் 2 மீட்டர் சுற்றளவில்தான். சைக்கிள் நிற்கும் காரோ இரண்டரை மீட்டரைத் தாண்டிவிடும்.

இவ்வளவும் எனக்கு அவசியமானது அப்பாவினால்தான்.

அப்பா ஈஜோக் பக்கம் ஒரு தோட்டத்தில் மரம் சீவியவர். விடியுமுன் பெரட்டுக்குப் போனது, சம்பளத்தன்று சாமான் வாங்கி வந்தது, எங்களைப் பள்ளிக்கு ஏற்றிப் போனது எல்லாம் ஒரே சைக்கிளில். தோட்டம் வீடமைப்புத் திட்டமானபோது என்னோடு பூச்சோங் அடுக்குமாடிக்கு வந்தார். சைக்கிளும் மின்தூக்கியில் ஏறி ஒன்பதாவது மாடிக்கு வந்தது. ஏழு ஆண்டுகள் பால்கனியில் துணி காயப்போட உதவியது. முட்டி வலி என்று அப்பா நடப்பதைக் குறைத்தார். நடப்பது குறைந்ததும் பேச்சும் குறைந்தது. சைக்கிள் மிதிப்பது முட்டிக்கு நல்லது என்றார் மருத்துவர். "எங்க மிதிக்கிறது, டாக்டர்?" என்று அப்பா கேட்டார். அவரிடம் பதில் இல்லை.

பழைய இரும்புச் சைக்கிள் இருபது கிலோ இருக்கும். கம்பி பிரேக், மட்கார்டு, கேரியர் எல்லாம் உண்டு. ஸ்பேனரால் முன் சக்கரத்தைக் கழற்றி, இடப்பக்கப் பின் இருக்கையை மடக்கி, முன் இருக்கையையும் சாய்த்துப் படுக்க வைத்தோம். என் சைக்கிள் இரு சக்கரங்களும் இல்லாமல் அதன்மேல் ஏறியது. அப்பாவுக்கு மிஞ்சியது எனக்குப் பின்னால் ஒரே ஓர் இருக்கை. "துரைகூட இப்படிப் போனதில்லம்மா, முன்னால சாரதி, பக்கத்துல சைக்கிள்" என்றார்.

2011-இல் திறக்கப்பட்ட லாத்தார் நெடுஞ்சாலையில் போனோம். ஈஜோக் வந்ததும் அப்பா கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டே வந்தார். ஒவ்வொரு திருப்பத்துக்கும் பழைய பெயர் சொன்னார். ஆசாம் ஜாவாவில் இறங்கி, கோலசிலாங்கூரில் ஒட்டுக்கடை ஒன்றில் பசியாறினோம். நேரம் இருப்பவர்கள் புக்கிட் மலாவாத்தி ஏறி, 1907-இல் கட்டிய கலங்கரை விளக்கத்தையும் வெள்ளி நிறக் குரங்குகளையும் பார்த்துவிட்டு வரலாம். ஆற்றுப் பாலம் தாண்டி, தஞ்சோங் காராங் வழியாகச் செகிஞ்சான்.

பெர்ணம் ஆற்றுத் தண்ணீர் வாய்க்கால்கள் வழியே வந்து பாயும் சமவெளி இது. ஆண்டுக்கு இரண்டு போகம். நாட்டிலேயே விளைச்சல் அதிகமுள்ள நெல்வயல்களில் ஒன்று. சைக்கிளுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது அரிது: மேடு இல்லை, வயலுக்கு நடுவே சாலைகள் கோடு போட்டதுபோல் நேராக ஓடுகின்றன. பிரதான சாலையில் மட்டும் லோரிகள் அதிகம், அங்கே மிதிக்க வேண்டாம். காரை வயலோரம் நிறுத்தும்போது அறுவடை இயந்திரங்களின் வழியை மறிக்காதீர்கள். நிழல் மிகக் குறைவு என்பதால் பத்து மணிக்குள் சுற்றி முடிப்பது நல்லது.

சக்கரத்தை மாட்டி, காற்றடித்து, அப்பாவிடம் கொடுத்தேன். விழுந்துவிடுவாரோ என்று பின்னாலேயே ஓடத் தயாராக நின்றேன். அவர் இடக்காலைப் பெடலில் வைத்து, இரண்டு உந்து உந்தி, ஏறி உட்கார்ந்தார். முதல் வாய்க்கால் பாலம்வரை மெதுவாகப் போனார். பிறகு மணியடித்துக்கொண்டு போனார், யாருமே இல்லாத சாலையில். நான் ஏறிப் பிடிக்கப் பத்து நிமிடமானது. அன்று எட்டு கிலோமீட்டர். நடுநடுவே நின்று, வரப்பு எப்படிக் கட்டுவார்கள், தம் அப்பா ஊரில் என்ன நெல் போட்டார் என்றெல்லாம் சொன்னார். இவ்வளவு பேசி அவரை நான் பல ஆண்டுகளாகக் கேட்டதில்லை.

மறுநாள் வேலை முடிந்து வந்தபோது, முன் சக்கரம் தனியாகச் சுவரில் சாய்ந்திருந்தது. ஸ்பேனர் அப்பாவின் சட்டைப் பையில் இருந்தது. "நீயே கழட்டிட்டிருந்தா நேரமாகுதும்மா. அடுத்த வாரம் அஞ்சு மணிக்கே கெளம்பலாம்" என்றார்.