நம்பர் அட்டை யார் கையில்?
(இயந்திரவியல், மூன்றாம் ஆண்டு)



மலர்க்குழுவினர் ரூமுக்கு வந்து கட்டுரை கேட்டபோது, "ஃபுட்பாலைப் பற்றி எழுதலாமா?" என்று கேட்டேன். "எதைப் பற்றி வேணும்னாலும் எழுது, எழுத்துப் பிழை இல்லாமல் எழுது" என்றார்கள். இரண்டாவதற்கு நான் உத்தரவாதம் தர முடியாது. எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

போன செமஸ்டரில் ஒரு ராத்திரி ஹாஸ்டலில் நடந்த சண்டையிலிருந்து ஆரம்பிக்கிறேன். மறுநாள் தெர்மல் இன்டர்னல் டெஸ்ட். ஆனால் ரூமில் பதினோரு பேர் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்த விஷயம் வேறு. களத்தில் ஆடுகிற ஆளே அணிக்கு மேனேஜராகவும் இருக்கலாமா, கூடாதா?

சென்னையின் எஃப்.சி.யை வைத்துத்தான் பேச்சு தொடங்கியது. 2014-இல் ஐ.எஸ்.எல். ஆரம்பித்தபோது நம்ம சென்னை அணிக்கு மார்க்கோ மாட்டராஸி பிளேயர்-மேனேஜராக வந்தார். 2006 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் ஜிடான் தலையால் முட்டினாரே, அந்த மாட்டராஸிதான். அந்த வருஷம் லீக் சுற்றில் சென்னை முதலிடம். அரையிறுதியில் கேரளா பிளாஸ்டர்ஸ். அந்த அணிக்கும் ஒரு பிளேயர்-மேனேஜர்தான், கோல்கீப்பர் டேவிட் ஜேம்ஸ். கொச்சியில் 3-0 என்று தோற்ற சென்னை, இங்கே நேரு ஸ்டேடியத்தில் மூன்று கோல் போட்டுச் சமன் செய்தது. கூடுதல் நேரத்தில், ஆட்டம் முடியப்போகிற சமயம், பியர்சன் ஒரு கோல் அடிக்க, கதை முடிந்தது.

"அடுத்த வருஷத்தைப் பாரு" என்றான் தூத்துக்குடி நண்பன். 2015-இல் மாட்டராஸி ஆடவில்லை, வெளியே நின்று நடத்த மட்டும் செய்தார். நடுவில் ஒரு கட்டத்தில் பட்டியலில் கடைசி இடத்துக்கே போய்விட்ட அணி, வரிசையாக ஜெயித்து மேலே ஏறியது. சென்னை வெள்ளத்தால் அரையிறுதியைப் புனேயில் ஆட வேண்டி வந்தது. டிசம்பர் 20-ஆம் தேதி கோவாவில் இறுதி ஆட்டம். 87-வது நிமிஷத்தில் கோவா 2-1 என்று முன்னால் போய்விட்டது. அதன் பிறகு சென்னைக்கு இரண்டு கோல், கடைசியை அடித்தது மெண்டோசா. 3-2, கோப்பை நமக்கு! எனக்கு அப்போது எட்டு வயசு. பக்கத்து வீட்டு டி.வி.யில் பார்த்தேன். ஆஃப்சைடு என்றால் என்னவென்று தெரியாமலேயே குதித்தேன்.

"அதனால சொல்றேன், ஆடாம நின்னப்பதான் கப்பு வந்துச்சு" என்றான் தூத்துக்குடிக்காரன்.

சிவில் பையன் விடவில்லை. லிவர்பூல் கென்னி டால்கிளிஷை இழுத்தான். 1985-இல் 34 வயசில் பிளேயர்-மேனேஜர் ஆனவர். 1986 மே 3-ஆம் தேதி செல்சியோடு ஆடிய ஆட்டத்தில் ஒரே கோல், அதையும் அவரே அடித்து லீக் பட்டத்தை வாங்கினார். ஒரு வாரம் கழித்து எவர்டனை 3-1 என்று வென்று எஃப்.ஏ. கோப்பையும். "இதுக்கு என்னடே சொல்லுத?" என்றான்.

என் வகுப்புத் தோழன் ஒருத்தன், கோவில்பட்டிக்காரன். அந்த ஊர் என்றால் ஹாக்கிதான், ஃபுட்பாலில் அவனுக்கு அவ்வளவு ஈடுபாடு கிடையாது. அதுவரை ரெக்கார்டு நோட்டில் படம் வரைந்துகொண்டிருந்தவன் நிமிர்ந்தான். "லேத்துல ஓட்டுறவனே ஜாபை பாஸ் பண்ணலாமா? இன்ஸ்பெக்‌ஷனுக்கு வேற ஆளு எதுக்கு வச்சிருக்கான்? அவ்வளவுதான் விஷயம்" என்று சொல்லிவிட்டு மறுபடி குனிந்துகொண்டான். இத்தனை நேரம் பேசியதில் உருப்படியான வார்த்தை அது ஒன்றுதான் என்று எனக்குப் பட்டது.

அவன் சொன்னதற்குப் பொருத்தமாக நான் வின்சென்ட் கொம்பனியைச் சொன்னேன். 2019-இல் மான்செஸ்டர் சிட்டியை விட்டு, சொந்த நாடான பெல்ஜியத்தில் ஆண்டர்லெக்ட் அணிக்குப் பிளேயர்-மேனேஜராகப் போனார். முதல் நாலு லீக் ஆட்டத்தில் ஒரு வெற்றிகூட இல்லை. உடனே, ஆட்ட நாளன்று முடிவெடுக்கிற பொறுப்பைத் தன் உதவியாளர் சைமன் டேவிஸிடம் கொடுத்துவிட்டு, அன்றைக்கு மட்டும் தான் வெறும் கேப்டன் என்று ஆக்கிக்கொண்டார். யாரை உள்ளே விடுவது, யாரை வெளியே எடுப்பது என்பதைப் பார்க்க வெளியே ஓர் ஆள் வேண்டியிருந்தது. வெளியே எடுக்க வேண்டிய ஆள் தானாகவே இருந்தால்?

இப்போதெல்லாம் பெரிய லீக்குகளில் பயிற்சியாளராக நிற்க புரோ லைசென்ஸ் கேட்கிறார்கள், வீடியோ பார்க்கவே தனியாக நாலு பேர் இருக்கிறார்கள். அதனால் பிளேயர்-மேனேஜர் என்கிற இனமே அருகிவிட்டது.

அப்போது ஒருத்தன் சொன்னான்: "பிளேயர்-மேனேஜர்னாலே தலைக்கனம் புடிச்சவன்தான்டா. தன்னை எவனும் வெளிய எடுக்கக்கூடாதுன்னுதான் மேனேஜர் ஆவுறதே."

எனக்குக் கோபம் வந்தது. எந்திரிச்சு வராந்தாவுக்குப் போய்விட்டேன். ஏன் கோபம் என்று அவர்களுக்குத் தெரியாது. இங்கே சொல்கிறேன்.

எங்கள் ஊர் குருவிகுளம். சங்கரன்கோவில் பக்கம், கரிசல் காடு. முன்பு திருநெல்வேலி மாவட்டம், 2019-லிருந்து தென்காசி மாவட்டம். அம்மா தீப்பெட்டி ஆபீஸ் வேலைக்குப் போகிறார். அப்பா கொத்தனாருக்குக் கையாள். ஊரில் எங்களுக்கு ஒரு ஃபுட்பால் டீம் உண்டு. கோடையில் கரிசல் தரை வெடித்துக் கிடக்கும், கால் உள்ளே போனால் கணுக்கால் காலி. அதனால் கண்மாய்க்கரையை ஒட்டிய பொட்டலில்தான் ஆட்டம்.

டீமை நடத்தியவர் ஓர் அண்ணன். சங்கரன்கோவிலில் விசைத்தறி ஓட்டுகிறார். ராத்திரி ஷிப்ட் முடித்துவிட்டு, தூங்காமல், ஞாயிற்றுக்கிழமை காலையில் பைக்கில் பந்தைக் கட்டிக்கொண்டு வருவார். பந்து அவர் காசு, வாழைப்பழம் அவர் காசு. ஸ்டாப்பர் பேக் ஆடுவார், நம்பர் 5. கேப்டன், கோச், மேனேஜர், சண்டை வந்தால் விலக்கி விடுகிறவர் எல்லாம் அவரே.

2022 கோடையில் சுற்றுவட்டார ஊர்ப் பையன்கள் சேர்ந்து ஒரு லீக் நடத்தினார்கள். பத்து அணி. டி.வி.யில் பார்த்த மாதிரியே மேல் டிவிஷன் ஐந்து, கீழ் டிவிஷன் ஐந்து. மேலே கடைசியாக வருகிற அணி கீழே போகணும். ஐ.எஸ்.எல். தொடங்கியபோது அதில்கூட இந்த இறக்கம் கிடையாது, எங்கள் பொட்டலில் இருந்தது! நாங்கள் மேல் டிவிஷன். நான் ஒன்பதாவது முடித்த பொடியன், நம்பர் 14, நிரந்தர சப். என் முக்கியமான வேலை நம்பர் அட்டைகளைப் பார்த்துக்கொள்வது. அம்மா வேலை பார்க்கிற இடத்திலிருந்து வாங்கி வந்த தீப்பெட்டி அட்டையில் ஒன்றிலிருந்து பதினாலு வரை நான்தான் மார்க்கரால் எழுதினேன். அண்ணன் உள்ளேயிருந்து கையைக் காட்டுவார், நான் அந்த நம்பரைத் தூக்கிக் காட்டுவேன். பெரிய ஸ்டேடியத்தில் இருக்கிற மாதிரி எனக்கு ஒரே பெருமை.

ஏழு ஆட்டம் முடிந்தபோது ஒரு வெற்றி, மூன்று டிரா, மூன்று தோல்வி. ஆறு பாயின்ட். எங்களுக்கு மேலே இருந்த அணி ஏழு பாயின்டோடு எல்லா ஆட்டத்தையும் முடித்திருந்தது. கோல் வித்தியாசம் எங்களுக்குச் சாதகம். கடைசி ஆட்டத்தில் டிரா செய்தால் போதும், தப்பித்தோம்.

இடைவேளையில் 1-1. எல்லோரும் தண்ணீர்க் குடத்தைச் சுற்றி நிற்க, அண்ணன் மட்டும் வேலிக்கருவை நிழலுக்குப் போய் உட்கார்ந்தார். பழம் கொடுக்கப் போனேன். ஸ்டாக்கிங்கை இறக்கி முழங்காலில் துணி சுற்றிக்கொண்டிருந்தார். முழங்கால் பலாக்கொட்டை மாதிரி ஒரு பக்கமாக வீங்கியிருந்தது. என்னைப் பார்த்தார். "யார்ட்டயும் சொல்லாதடே" என்றார். அந்த ஒரு வார்த்தைதான்.

இரண்டாம் பாதியில் அவர் ஓடவில்லை, நின்றார். பந்து வந்த பக்கம் உடம்பு திரும்பியது, கால் திரும்பவில்லை. உள்ளே ஆடியவர்களுக்கு அது தெரியவில்லை, அவனவன் பாடு அவனவனுக்கு. கோட்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்த எனக்கு நன்றாகத் தெரிந்தது. மடியில் அட்டைகள். பத்து நிமிஷம் இருக்கும்போது ஐந்தாம் நம்பரை உருவி எடுத்தேன். அந்த சீசன் முழுக்க ஒரு தடவைகூடத் தூக்காத அட்டை. மற்றதெல்லாம் அழுக்கேறிக் கிடக்க, அது மட்டும் புதுசாக இருந்தது. கையில் பிடித்திருந்தேன். அப்புறம் அடியில் சொருகிவிட்டேன்.

நாலு நிமிஷம் இருக்கும்போது எதிரணிப் பையன் ஒருத்தன், என் வயசுதான் இருக்கும், அண்ணனைத் தாண்டிப் போனான். அவர் திரும்புவதற்குள் பந்து உள்ளே. 1-2. கீழே இறங்கிவிட்டோம்.

ஊரில் எல்லோரும் அந்தக் கோலைத்தான் பேசினார்கள். மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு நடந்த மாதிரிதான். 1974 ஏப்ரலில் அவர்களுடைய பழைய ஆட்டக்காரர் டெனிஸ் லா, சிட்டிக்காக ஆடி, குதிகாலால் ஒரு கோல் தட்டினார். அவர்தான் யுனைடெட்டைக் கீழே தள்ளினார் என்று இன்றைக்கும் பலர் சொல்கிறார்கள். உண்மையில் அன்று மற்ற ஊர்களில் வந்த முடிவுகளாலேயே யுனைடெட் இறங்கத்தான் போகிறது. எங்களுக்கும் அந்த சீசனில் ஒரு ஆட்டத்தில் 2-0 என்று முன்னால் இருந்து 2-2 ஆன கதை உண்டு. அதை யாரும் பேசவில்லை. ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. லா அந்த கோலை அடிக்காவிட்டாலும் அவர்கள் இறங்கியிருப்பார்கள். நான் அந்த அட்டையைத் தூக்கியிருந்தால் நாங்கள் ஒருவேளை இறங்கியிருக்க மாட்டோம்.

அடுத்த வருஷம் பத்தாவது ரிசல்ட் வந்தது. அப்பா திருப்பூருக்கு அனுப்பலாம் என்றார், பனியன் கம்பெனியில் தெரிந்த ஆள் இருந்தார். இந்த அண்ணன்தான் வீட்டுக்கு வந்து திண்ணையில் உட்கார்ந்தார். "மாமா, மூணே வருஷம். டிப்ளமோ முடிச்சான்னா அவன் வேற ஆளு" என்றார். அம்மா, "எம்புட்டு ஆவும்?" என்று மட்டும் கேட்டார். மறுநாள் சங்கரன்கோவிலுக்கு என்னைக் கூட்டிப்போய் கம்ப்யூட்டர் சென்டரில் விண்ணப்பம் போட்டுக் கொடுத்ததும் அவர்தான். பைக்கின் பின்னால் உட்கார்ந்து போகும்போது, அந்த அட்டை விஷயத்தைச் சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். சொல்லவில்லை.

ஹாஸ்டல் சண்டைக்குப் பிறகு வந்த பொங்கல் லீவில்தான் சொன்னேன். அவர் இப்போது ஆடுவதில்லை. டீம் இன்னும் கீழ் டிவிஷனில்தான் கிடக்கிறது. 2024-இல் பாதிப் பேர் திருப்பூருக்குப் போய்விட்டதால் லீக்கே நடக்கவில்லை, 2025-இல் இரண்டாவதாக வந்தோம், மேலே போவது ஓர் அணிதான். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, "அண்ணே, அன்னைக்கு நான் அஞ்சாம் நம்பர் அட்டைய கையில எடுத்துட்டேன்" என்றேன்.

"பாத்தேன்டே" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"தூக்கப் போறான்னு நெனச்சேன். தூக்கிருந்தா வெளிய வந்துருப்பேன். ஏன் தூக்கல?"

"நீங்கதான சொல்லாதன்னு சொன்னீக."

"நான் ஆடுறவன். சொல்லாதன்னுதான் சொல்லுவேன்" என்று சொல்லிவிட்டு, டீ கிளாஸைக் கழுவித் திருப்பிக் கொடுத்தார். கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். பிறகு, "இந்தக் கோடைக்கு டீமை நீ பாத்துக்கோ. ஆடவும் செய்யணும். ஸ்டாப்பர் பேக்குக்கு ஆளு இல்ல" என்றார்.

படிச்சவன் என்று என்னை அவர் பெரிதாக நினைத்துவிட்டாரோ என்னவோ. எனக்கு இன்னும் ஒரு அரியர் பாக்கி இருப்பது அவருக்குத் தெரியாது.

யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். இரண்டு நாள் கழித்துப் போன் செய்து சரி என்றேன். ஒரே ஒரு நிபந்தனை. ஆட்டத்தன்று அட்டைகள் எல்லாம் அவர் மடியில் இருக்கணும், பதினாலாம் நம்பரும் சேர்த்து. உள்ளேயிருந்து நான் எவ்வளவு கையாட்டினாலும் பார்க்கக்கூடாது.

"சரிடே" என்றார். "பழைய அட்டைய கரையான் அரிச்சிருச்சு. உங்கம்மாகிட்டச் சொல்லி நல்ல அட்டையா ரெண்டு கொண்டா."

செமஸ்டர் முடிந்து வருகிற முதல் ஞாயிற்றுக்கிழமை முதல் ஆட்டம். அட்டை வந்துவிட்டது. மார்க்கர்தான் வாங்கணும்.