வாசல்கள்

தெருவாசலைத் தாண்டிக் காலை வைத்தால் ஓர் உலகம். புழக்கடைக் கதவைத் திறந்தால் வேறொரு சூரியன். அமெரிக்க எழுத்தாளர் டான் சிம்மன்ஸின் 'ஹைபீரியன்' நாவலில் ஒரு கவிஞன் இப்படித்தான் வாழ்கிறான். அவன் வீட்டில் 38 அறைகள். அவை இருப்பதோ 36 உலகங்களில். கழிப்பறை மட்டும் ஒரு சமுத்திரத்தின் நடுவே, தெப்பத்தில்! எழுதிப் பிழைக்கிறவனுக்கு இத்தனை வசதியா என்று பொறாமையோடுதான் படித்தேன்.

நாவல் வெளிவந்தது 1989-ல். அதில் வரும் சாம்ராஜ்யம் நூற்றுக்கு மேற்பட்ட உலகங்களைக் கொண்டது. அவற்றை இணைக்கும் வாசல்கள் யந்திர மூளைகள் அருளிய வரம். ஒரு காலத்தில் மனிதன் படைத்து, பிறகு அவன் பிடியிலிருந்து விலகிப்போன மூளைகள் அவை. அந்தச் சாமி எங்கே குடியிருக்கிறது என்று ஒருவருக்கும் தெரியாது, கேட்பாரும் இல்லை. வரம் கிடைத்துக்கொண்டிருக்கும்வரை யார் கேட்பார்கள்?

1990-ல் வந்த அடுத்த பாகத்தில் உண்மை வெளியாகிறது. யந்திரம் குடியிருப்பது அந்த வாசல்களின் இடைவெளியிலேயே. நுழைகிறவர்களின் மூளையைக் கணநேரம் இரவல் வாங்கி, தன் கணக்குகளைப் போட்டுக்கொள்கிறது. எதற்கு? தன்னைவிடப் பெரிய தெய்வம் ஒன்றைப் படைப்பதற்கு! கோயில் வாசலில் செருப்பை விடுவதுபோல் ஜனங்கள் மூளையை விட்டுப் போயிருக்கிறார்கள். திரும்பக் கிடைத்துவிட்டதால் தெரியவில்லை.

ஆட்சித் தலைவி மெய்னா கிளாட்ஸ்டன் வாசல்கள் அனைத்தையும் தகர்க்க உத்தரவிடுகிறாள். குடும்பங்கள் பிரிகின்றன, வெளியுலகத் தானியத்தை நம்பியிருந்த ஊர்கள் பட்டினியில் விழுகின்றன. அவளையும் ஜனக்கூட்டம் அடித்துக் கொல்கிறது. இந்த நஷ்டக் கணக்கை மறைக்காமல் எழுதியதில்தான் ஆசிரியரின் பெருமை இருக்கிறது.

முதலில் அந்த அம்மாளுக்காகக் கைதட்டினேன். பிறகு கை நின்றுவிட்டது.

என் அக்கா இருப்பது கனடாவில். தினமும் காலை ஏழு மணிக்குச் செல்போனில் அவள் முகம் தெரியும், அம்மா பேசுவாள். ஒரு தடவை மூன்று நாள் இணைப்பு இல்லை. அந்த மூன்று நாளும் அம்மா ஏழு மணிக்குப் போனை எதிரே வைத்துக்கொண்டு, முந்தானையால் அதன் கண்ணாடியைத் துடைத்தபடி உட்கார்ந்திருந்தாள். இந்த வசதியை இலவசமாகத் தருகிறவர்கள் நம்மிடம் எதையோ எடுத்துக்கொள்கிறார்கள் என்பது எனக்குத் தெரியாததல்ல. தெரிந்தும், கிளாட்ஸ்டன் செய்ததை நான் செய்யமாட்டேன். தைரியம் இல்லை.

அம்மாவிடம் ஒருநாள் இந்தக் கதையைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள்.

"வாசலை இடிக்கிறதுக்கு முன்னாடி, அந்தப் பக்கம் போன பிள்ளைங்க எல்லாம் வீடு திரும்பிட்டாங்களாடா?"

"இல்லையம்மா."

அவள் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "இடிச்சுத்தான் ஆகணும்னா, முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்" என்றாள்.

முன்கூட்டிச் சொன்னால் யந்திரமும் கேட்டுவிடுமே என்று விளக்க வாயெடுத்தேன். ஏழு மணி அடித்தது. அம்மா போனை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போய்விட்டாள்.